கொசு பஸ்ஸுக்குத் துரு ஏற்றும் கலை

சிங்கப்பூர்த் தெருக்களில் துருப்பிடித்த காரைப் பார்ப்பது அரிது. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தபிறகு ஒரு காரை வைத்திருக்கும் உரிமை பத்து ஆண்டுகளுக்குத்தான். சிஓஇ எனப்படும் அந்த உரிமைச் சான்றிதழ் முடிந்தால் மறுபடி பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பலர் அதற்கு முன்பே வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். கடல் காற்றும் ஓயாத மழையும் உள்ள ஊர்தான், ஆனால் இரும்பைத் தின்ன அவற்றுக்கு நாம் அவகாசம் தருவதில்லை. அதனால் உழைத்துத் தேய்ந்த ஒரு பழைய வண்டியைச் சிறிய அளவில் செய்ய நினைக்கும் உள்ளூர் மாடல் கலைஞருக்குக் கண்ணெதிரே மாதிரி கிடையாது. வெயில் எங்கே அடிக்கும், தண்ணீர் எங்கே தங்கும், செருப்புக்கால் எங்கே படும் என்று யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொரு கறையையும் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்தக் கலையின் உயிரே அந்த யோசனைதான்.

அதற்குப் பொருத்தமான வண்டி இந்த ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1920களில் சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடிய கொசு பஸ். ஃபோர்டு மாடல் டி காரின் பின்பாதி உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் மரத்தால் பெட்டி கட்டி, ஏழு பேர் உட்கார இடம் செய்துவிடுவார்கள். முன்னால் இருந்து பார்த்தால் கார், பின்னால் இருந்து பார்த்தால் குட்டி லாரி. பெரும்பாலும் சீன உரிமையாளர்கள் நடத்திய தொழில் இது.

அப்போது ஊரில் 1905இல் தொடங்கிய மின்சார டிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் தந்த நிலையம் இன்றைய லிட்டில் இந்தியாவின் விளிம்பில், மெக்கென்சி ரோட்டில் இருந்தது. டிராமால் தண்டவாளத்தை விட்டு விலக முடியாது. கொசு பஸ்ஸோ கை காட்டிய இடத்தில் நின்றது, இடுக்கில் புகுந்து புறப்பட்டது. 1925இல் சிங்கப்பூர் டிராக்‌ஷன் கம்பெனி உருவாகி, அடுத்த ஆண்டு டிராலி பஸ்களை விட்டது. 1927இல் டிராம் நின்றேபோனது. கொசு பஸ்கள் அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தன. 1935இல் சிறு உரிமையாளர்கள் சேர்ந்து பஸ் கம்பெனிகளாக மாறியதோடு அந்தக் காலம் முடிந்தது.

காரை வெட்டிச் சுமை வண்டியாக்குவது அன்று உலகெங்கும் நடந்த வேலைதான். அமெரிக்காவில் அதற்கென்றே தனி உதிரிபாகத் தொகுப்புகள் விற்றன. ஃபோர்டு நிறுவனமே 1917இல் மாடல் டிடி என்ற ஒரு டன் லாரிச் சட்டத்தையும், 1925இல் பிக்கப் உடல் வைத்த மாடல் டியையும் கொண்டுவந்தது. கனடா ஃபோர்டின் கிளையாக மலாயா ஃபோர்டு 1926இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் புக்கிட் தீமா தொழிற்சாலையில்தான் 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடம் போர் நினைவிடமாகத்தான் தெரியும். ஃபோர்டு என்ற பெயர் இந்த ஊர்த் தெருவில் எப்படி உழைத்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாயிருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். ஒன்றுக்கு இருபத்துநான்கு என்ற அளவு இதற்கு வசதி. மாடல் டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 100 அங்குலம், அதாவது 2,540 மில்லிமீட்டர். மாடலில் அது 106 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உள்ளங்கையில் அடங்கிவிடும். உக்ரைனின் ஐசிஎம் நிறுவனம் இந்த அளவில் மாடல் டி பிளாஸ்டிக் கிட்டுகளைச் செய்கிறது. 1916 வரை வந்த கார்களுக்குப் பித்தளை ரேடியேட்டர், 1917 முதல் கறுப்பு ரேடியேட்டர். இருபதுகளின் பஸ்ஸுக்குக் கறுப்பே சரி. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் வலப்பக்கம் மாற்ற வேண்டும். பின் இருக்கைத் தொட்டியை மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, சட்டத்தின்மேல் இரண்டு நீளக் கட்டைகளை ஒட்டி, அவற்றின்மேல் பலகைப் பெட்டியை எழுப்பலாம்.

ஒரு சின்ன விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காருக்கென்று செய்த பின் ஸ்பிரிங் மேல் ஏழு பேரும் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமர்ந்துவிடும். மாடலின் பின் ஸ்பிரிங்கைச் சுரண்டி ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தினால் போதும். உண்மை வண்டியில் அது 24 மில்லிமீட்டர். வண்ணம் பூசும் முன்னரே இந்த வண்டி சுமை தூக்கியது என்று தெரிந்துவிடும்.

பலகைக்கு நிஜ மரத்தையே பயன்படுத்துவது எனக்குப் பிடிக்கும். ஓர் அங்குலத் தடிப்புள்ள பலகை இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்தான். காபி கலக்கும் மெல்லிய மரக்குச்சி கிட்டத்தட்ட அந்தத் தடிப்பு. ஆனால் வண்டியைச் சுருக்கினாலும் மரத்தின் ரேகை சுருங்குவதில்லை. ரேகை தடித்த குச்சியைப் போட்டால் பஸ் பொம்மையாகிவிடும். நெருக்கமான ரேகையுள்ளதைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் ஏன் சாம்பல் நிறமாகிறது? மர நாரைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைச் சூரியனின் புற ஊதாக்கதிர் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போக, வெளிறிய நார் மட்டும் மேலே நிற்கிறது. பல ஆண்டு நடக்கும் இதை மேசையில் சில நிமிடத்தில் வரவழைக்க ஒரு வழி உண்டு. இரும்பு நாரை வினிகரில் ஒருநாள் ஊறவைத்தால் இரும்பு அசிட்டேட் கரைசல் கிடைக்கும். மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு அது சேர்ந்தால் கருஞ்சாம்பல் நிறம் பிறக்கும். குச்சி மரத்தில் துவர்ப்பு குறைவு என்றால் முதலில் கெட்டியான தேநீரைப் பூசி உலரவிடலாம். அதைவிட நல்லது கடுக்காய்த் தண்ணீர். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் கிடைக்கும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வேதியியலால்தான்: துணிக்குக் கடுக்காய், கோட்டுக்கு இரும்பும் வெல்லமும் ஊறிய நீர். இரும்புக் கரைசலை நீர்க்கவைத்துப் பூசுங்கள். நிறம் மெல்லத்தான் ஏறும், அவசரப்பட்டால் அடுப்புக்கரி ஆகிவிடும்.

இப்போது இரும்புப் பகுதி. 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது. நம் வெயிலில் கறுப்புப் பூச்சு கறுப்பாக நிற்காது. மேற்பரப்பு மங்கி, பழுப்பு கலந்த சாம்பலாகும். வானத்தைப் பார்த்திருக்கும் பானெட்டும் மட்கார்டின் முதுகும் முதலில் வெளிறும். பக்கங்கள் பின்னால் வரும். புட்டியிலிருந்து எடுத்த சுத்தக் கறுப்பைச் சிறிய மாடலில் அப்படியே அடித்தால் கண்ணுக்குப் பாரமாகவும் இருக்கும்.

பூச்சு உரிந்து உள்ளே துரு தெரிவதைக் காட்ட மாடல்காரர்கள் நம்புவது தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை. முஸ்தஃபா சென்டரில் அழகுசாதன அடுக்கிலேயே வாங்கிவிடலாம். முதலில் அடர்பழுப்புத் துரு நிறம், அதன்மேல் வார்னிஷ். அது நன்றாகக் காய்ந்தபின் முடி ஸ்ப்ரே மெல்லியதாக இருமுறை. அதற்கும் மேலே அக்ரிலிக் மங்கல் கறுப்பு. சற்று நேரம் கழித்து, ஈரமான முரட்டுத் தூரிகையால் தட்டினால் தண்ணீர் ஊடுருவி ஸ்ப்ரேயைக் கரைக்கும். மேற்பூச்சு செதில் செதிலாக எழும்பி வந்துவிடும். எங்கே தட்டுவது என்பதில்தான் புத்தி வேண்டும். தகடு மடிந்த ஓரம், ரிவெட்டைச் சுற்றி, சேறு அடைந்து ஈரம் காயாத மட்கார்டின் உட்பக்கம், இவைதான் துருவின் வீடுகள். மாடலில் ஒரு மில்லிமீட்டர்ச் செதில் என்றால் நிஜத்தில் 24 மில்லிமீட்டர் பூச்சு பெயர்ந்திருக்கிறது என்று பொருள். ஆகவே சிறிதாக, இன்னும் சிறிதாக.

துரு ஒரே நிறமல்ல. புதிதாகப் பிடித்தது ஆரஞ்சு, நாள்பட்டது பழுப்பு, காற்று குறைவாகப் படும் அடியில் கறுப்பு. எல்லாமே இரும்பும் ஆக்சிஜனும், சிலவற்றில் நீரும் வெவ்வேறு விதமாகக் கூடியவை. இதற்கு வெளிநாட்டுப் பொடி வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. கோலத்துக்குக் கரை கட்டும் காவிக்கட்டி இருக்கிறதே, இரும்பு ஆக்சைடுதான் அதற்குச் சிவப்பைத் தருகிறது. மைபோல அரைத்து, மஞ்சள் காவி கொஞ்சம் கலந்தால் புதுத்துரு கிடைக்கும். இரண்டும் வெயிலில் நிறம் மாறாத மண் நிறங்கள். சமையல் மஞ்சளைக் கலக்க மட்டும் ஆசைப்படாதீர்கள், அது வெளிச்சத்தில் வெளுத்துப்போகும்.

அதே காவிதான் சாலைப் புழுதிக்கும். இந்தப் பகுதியின் செம்புறை மண்ணின் சிவப்பும் இரும்பு ஆக்சைடே. பொருள் ஒன்றானாலும் இரண்டையும் குழப்பக்கூடாது. புழுதி சக்கர மட்டத்தில் அடர்ந்து மேலே போகப்போக மெலியும். துரு, மூட்டில் தொடங்கி மழைநீர் வடியும் வழியில் கோடாக இறங்கும்.

மனிதரின் கைகால் பட்டு உண்டாகும் தேய்மானத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கம் நிற்கும் லாரிகள் போதும். தொழிலாளர்கள் அவற்றின் பின்னால் ஏறி இறங்குகிறார்கள். கால் வைக்கும் இடத்தில் பூச்சு போய் உலோகம் பளபளக்கும். கைப்பிடியில் விரல் சுற்றும் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வழுவழுப்பாக இருக்கும். தினமும் கை படும் இரும்பில் துரு நிலைப்பதில்லை.

இந்த ஒன்றைக் கவனித்தால் கொசு பஸ்ஸில் துருப் பூசுவதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். கண்காட்சிகளில் வண்டி முழுக்கத் துருவைப் பூசிக் குப்பைமேட்டில் கிடந்ததுபோல் ஆக்கிவிடுகிறார்கள். பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. இது ஒருவர் சோறு சம்பாதித்த வண்டி. சக்கர மையத்தில் கிரீஸ் கசிந்து கறுத்திருக்கட்டும், ஸ்டியரிங் வளையம் உள்ளங்கை பட்டு மினுங்கட்டும். ஏறும் படியின் நடுவில் பலகை குழிந்து வெளிறியிருக்கட்டும். விளக்குக் கண்ணாடியை மட்டும் துடைத்து வைத்துவிடுங்கள், இரவிலும் ஓட வேண்டிய பஸ் அது.