ஒலிப்பதிவில் காலத் தாமதம்

ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லுகிறது. மூன்றரை மீட்டருக்கு அப்பால் அமர்ந்து பாடுபவரின் குரல் நம் செவியை அடைய ஏறத்தாழ 10 மில்லி வினாடி, அதாவது வினாடியில் நூறில் ஒரு பங்கு, ஆகிறது. இத்தாமதத்தை நாம் உணர்வதில்லை. ஆனால் மைக்ரோபோனில் பேசுபவர் தம் குரலைக் கணிப்பொறியின் வழியாகச் சென்று திரும்பிய பின் கேட்பாராயின், தாமதம் இதனினும் பன்மடங்காகக் கூடும்.

தாமதம் தோன்றும் விதம்

மைக்ரோபோன் ஒலியை மின்னலையாக மாற்றுகிறது. கணிப்பொறியுடன் இணைந்த இடைமுகக் கருவி அவ்வலையைப் பெரும்பாலும் வினாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து எண்களாக்குகிறது. இவ்வெண்கள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்குள் செல்வதில்லை. குடம் நிரம்பிய பின்னரே அதனை எடுத்துச் செல்வதுபோல, ஒரு தொகுதி நிரம்பிய பின்னரே அவை அனுப்பப்படுகின்றன. இக்குடத்திற்குப் 'பஃபர்' என்று பெயர்.

வினாடிக்கு 48,000 எண்கள் வீதம், 1,024 எண்கள் கொள்ளும் பஃபர் நிரம்ப 21 மில்லி வினாடிக்குச் சற்று மேலாகும். ஒலி திரும்பி வரும் வழியிலும் இத்தகைய பஃபர் உண்டாகையால், மொத்தத் தாமதம் 43 மில்லி வினாடியை எட்டுகிறது. பஃபரை 64 எண்களாகக் குறைத்தால் இரு வழிக்குமாக 2.7 மில்லி வினாடியே ஆகும். அலையை எண்ணாக்கும் பகுதியும் எண்ணை அலையாக்கும் பகுதியும் இத்துடன் இன்னும் சிறிது தாமதத்தைச் சேர்க்கும்.

தாமதத்தால் நேரும் இடர்

தம் குரலையே தாமதமாகக் கேட்பவரின் பேச்சு தடுமாறும் என்பதை அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்பவர் 1950-இல் விளக்கி எழுதினார். வாயினின்று பிறக்கும் சொல்லும் செவியில் விழும் சொல்லும் பொருந்தாமையே இதற்குக் காரணம். தாமதம் சிறிதாயினும் பாடுபவர் தாளத்தில் பின்தங்குவர். பாடம் பதிவு செய்யும் ஆசிரியர் சொற்களை இழுத்துப் பேசுவர்.

அவ்வாறாயின் பஃபரை எப்போதும் மிகச் சிறிதாகவே வைத்துக் கொள்ளலாகாதோ? இங்கே மற்றோர் இடர் உண்டு. 64 எண்கள் கொண்ட ஒவ்வொரு தொகுதியையும் கணிப்பொறி 1.3 மில்லி வினாடிக்குள் கையாண்டு முடிக்க வேண்டும். வேறு பணியால் அது சற்றே பிந்தினும் ஒலி அறுபட்டு, 'படபட'வென்ற ஓசை எழும். பதிவில் விடுபட்ட பகுதியை மீட்க இயலாது.

செய்யத்தக்கவை

பல இடைமுகக் கருவிகளில், உள்ளே வரும் ஒலியைக் கணிப்பொறிக்கு அனுப்பாமல் நேரே செவிக்கு அளிக்கும் வசதி உள்ளது. களப்பணியாளர் ஒரு முதியவரின் பேச்சையோ பறவையின் குரலையோ பதியும்போது, இவ்வசதியைப் பயன்படுத்திப் பஃபரைப் பெரிதாக வைத்துக் கொள்வதே பாதுகாப்பு. கணிப்பொறியிலேயே உருவாகும் இசையை உடனுக்குடன் வாசிப்பவருக்கு மட்டுமே சிறிய பஃபர் இன்றியமையாதது.

பள்ளியில் ஒரு சோதனை

கருவியின் வெளியீட்டைக் கம்பியால் உள்ளீட்டுடன் இணைக்க. நேரடியாகக் கேட்கும் வசதியையும், தாமதத்தைத் தானே ஈடுசெய்யும் மென்பொருள் ஏற்பாட்டையும் நிறுத்துக. பின்னர் ஒரு சிறு 'டக்' ஒலியை எழுப்பி, அதனை மற்றொரு தடத்தில் பதிவு செய்க. இரண்டு ஒலிகளுக்கும் இடையே 960 எண்கள் இருப்பின், 960-ஐ 48,000-ஆல் வகுக்க, தாமதம் 20 மில்லி வினாடி என்று கிடைக்கும். பஃபரின் அளவை மாற்றி மாற்றி அளந்து, மாணவர் இதனை வரைபடமாகவும் தீட்டலாம்.