கடைசி வாய்க்காலுக்கும் ஒரு கதிரை

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள மண்டூரிலிருந்து உட்பக்கமாகப் போனால் ஊர்களை எண்களால் அழைப்பார்கள்: 35ஆம் கிராமம், 39ஆம் கொலனி, 40ஆம் கொலனி. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் குடியேற்றங்கள் இவை. ஒரு பெரிய நிறுவனம் தன் முடிவுகளால் வாழ்வு மாறும் சனங்களோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அறிய விரும்புகிறவர் கொழும்புக் கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவதற்கு முன்னால், இந்தக் குடியேற்றங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களின் கதையைக் கேட்க வேண்டும்.

1949இல் சட்டத்தால் உருவான கல்லோயா அபிவிருத்திச் சபைக்கு, 1933இல் அமெரிக்காவில் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு அதிகாரசபையே முன்மாதிரி. காடு வெட்டுவது, அணை கட்டுவது, மின்சாரம் எடுப்பது, குடியேற்றுவது என்று எல்லா அதிகாரமும் ஒரே கையில் இருந்தது. இங்கினியாகலையில் அமெரிக்க நிறுவனமான மொரிசன்–நட்சன் அணையைக் கட்டியது. பட்டிப்பளை ஆறு சேனநாயக்க சமுத்திரமானது. திட்டம் மேலிருந்து வகுக்கப்பட்டது. யாரை எங்கே குடியேற்றுவது என்பதும் அப்படியே. அதனால் எழுந்த மனக்காயம் தமிழர் மத்தியில் இன்றும் ஆறவில்லை. 1956 ஜூனில் தமிழருக்கு எதிரான வன்முறையில் அந்தப் பள்ளத்தாக்கில் இரத்தமும் சிந்தியது. இதை ஒதுக்கிவிட்டுக் கல்லோயாவின் வெற்றியை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

தண்ணீரிலும் அதே கோளாறுதான். இடதுகரைக் கால்வாயின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர், வாவிப் பக்கமான கடைப்பகுதியில் தமிழர். காலப்போக்கில் மதகுகள் உடைந்தன, வாய்க்கால்கள் தூர்ந்தன. அடுத்த முறை தண்ணீர் வருமோ என்ற பயத்தில் மேலே உள்ளவர் தேவைக்கு மேல் எடுத்தார். கீழே உள்ளவருக்குச் சிறுபோகம் வெறும் நம்பிக்கையாகிப் போனது. கமக்காரர் மதகை உடைக்கிறார்கள் என்றார்கள் அதிகாரிகள். அதிகாரிகள் சொன்ன நாளில் தண்ணீர் விடுவதில்லை என்றார்கள் கமக்காரர்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உதவியோடு புனரமைப்பு வந்தபோது, கொங்கிறீற்றோடு இன்னொரு வேலையும் நடந்தது. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981இல் படித்த இளைஞர், யுவதிகளை அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் அங்கேயே தங்கினார்கள். வந்ததும் சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர் தெரிவு செய்யவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரை இருத்தி, என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். அந்தக் கமக்காரர் முதலில் சேர்ந்து தூர் வாரினார்கள், பிறகு முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள், மிஞ்சியதைக் கீழே விட்டார்கள். பிரதிநிதி தேர்தலால் வரவில்லை, எல்லோரும் சம்மதித்த ஒருவராக வந்தார். அந்தப் பிரதிநிதிகள் அம்பாறையில் பொறியியலாளர்களோடு ஒரே மேசையில் இருந்து பேசும் நிலையும் வந்தது. என் பார்வையில் முழு விடயத்தின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. முடிவெடுத்தபின் அறிவிப்பதற்கும், முடிவெடுக்கும் இடத்தில் கதிரை கொடுப்பதற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது.

அந்தக் கதிரையின் பெறுமதி 1997 சிறுபோகத்தில் தெரிந்தது. குளத்தில் தண்ணீர் போதாது என்று எச்சரிக்கப்பட்ட ஆண்டு அது. உள்நாட்டுப் போரும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் கமக்கார அமைப்புகள் இருந்த தண்ணீரைத் தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் பங்கிட்டு, சுமார் 65,000 ஏக்கரில் நெல் விதைத்து, வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்தன. இதை ஆராய்ந்து எழுதிய நோர்மன் அப்ஹொப், விஜயரத்ன இருவரும் சிங்கள, தமிழ்க் கமக்காரரிடையே வளர்ந்திருந்த ஒத்துழைப்பையே காரணமாகக் காட்டினார்கள்.

இன்று கிழக்குக்கு ஆடைத் தொழிற்சாலையோ, கனிய மணல் அகழும் கம்பனியோ வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். உங்கள் ஆள் ஊரில் தங்கிக் கேட்டாரா, அல்லது பிரதேச செயலகத்தில் ஒரு கூட்டம் வைத்துக் கையெழுத்து வாங்கினாரா? மக்கள் சொன்னதால் திட்டத்தில் எது மாறியது? தமிழில் சொன்னீர்களா? பாடசாலைக்குக் கொப்பி கொடுப்பதும் கோயிலுக்குத் தண்ணீர்த் தாங்கி கொடுப்பதும் இவற்றுக்குப் பதிலாகாது.

கல்லோயாவிலும் மேசை இன்னும் முழுமையாகவில்லை. வயலுக்கு இட்ட பசளையும் தெளித்த மருந்தும் வடிநீரோடு கடைசியில் மட்டக்களப்பு வாவிக்கே வருகின்றன. மண்டூர், குருமண்வெளித் துறைகளில் வலை வீசுகிறவர் அந்தத் தண்ணீரில்தான் இறால் பிடிக்கிறார். கமக்கார அமைப்பில் கமக்காரரே உறுப்பினர். சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியையும் தண்ணீர் விடும் நாளையும் தீர்மானிக்கும்போது, வாவிக்கரை மீனவர் சங்கத்துக்கும் அழைப்புக் கடிதம் போக வேண்டும்.