பெறுபேறு கையில் இருக்கிறது, பள்ளிக்கூடம்?
தீவகத்துப் பிள்ளைகள் – 9

சென்ற வாரம் முன்பள்ளிகளோடு நிறுத்தியிருந்தோம். தீவகத்தில் முன்பள்ளியிலிருந்து முதலாம் வகுப்புக்குப் போகும் வழியில் சில பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குள் இருப்பார்கள், கோயில் திருவிழாவுக்குக்கூட வெளியே கூட்டிவர மாட்டார்கள், பாடசாலைப் பதிவேட்டில் பெயர் இராது. அவர்களில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றியது இந்த வாரம்.

நெடுந்தீவில் நாலு வயது மகனோடு இருக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை. ஒன்றரை வயதில் சொன்ன இரண்டு மூன்று சொற்களும் பிறகு நின்றுபோய்விட்டன. விளையாட்டுக் காரை உருட்டமாட்டான், கவிழ்த்துப் போட்டுச் சில்லை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பான். "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும், பிள்ளை. இவன்ரை தேப்பனும் மூண்டு வயசிலைதான் வாய் திறந்தவர்" என்கிறார் மாமியார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அந்த ஒரு வசனத்தில் ஒரு வருஷம் போய்விடும்.

கடைசியில் குடும்பநல உத்தியோகத்தரோ முன்பள்ளி ரீச்சரோ சொல்லி, யாழ்ப்பாணத்தில் கிளினிக் திகதி கிடைக்கிறது. விடிய எழும்பி இறங்குதுறைக்குப் போகவேண்டும். படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்: எஞ்சின் இரைச்சல், டீசல் மணம், முழங்கால் முட்டும் நெருக்கம். சத்தம் தாங்காத பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். படகே திரும்பிப் பார்க்கும். குறிகாட்டுவானில் இறங்கினால் பஸ். புங்குடுதீவு, வேலணை, அல்லைப்பிட்டி கடந்து பண்ணைப் பாலத்தால் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைக்கு அழவும் சீவன் இராது. அந்த நிலையில்தான் வைத்தியர் அவனை முதன்முதலாகப் பார்க்கிறார். அவருக்குக் கிடைப்பது அரை மணித்தியாலமோ முக்கால் மணித்தியாலமோ. வீட்டு முற்றத்தில் அவன் என்ன செய்வான், எதற்குச் சிரிப்பான், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவான் என்பதெல்லாம் அந்த அறைக்குள் தெரியப்போவதில்லை. ஆகவே தீவுத் தாய்மாருக்கு நான் முதலில் சொல்வது இது: போகுமுன் ஒரு கிழமை போனில் வீடியோ எடுங்கள். சாப்பிடும்போது, தனியே விளையாடும்போது, கோபம் வரும்போது, கூப்பிடும்போது. சின்னச் சின்னத் துண்டுகள் போதும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். காது கேட்கிறதா என்ற பரிசோதனையை முன்னதாகவே செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

வைத்தியர் தரும் பெறுபேறு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வெட்கப்படாமல், "டொக்டர், இதை எனக்குத் தமிழிலை ஒருக்காச் சொல்லுங்கோ, நான் எழுதி வைக்கிறன்" என்று கேட்கலாம். அதில் முதலாம், இரண்டாம், மூன்றாம் நிலை என்று ஏதாவது இருந்தால் பதறத் தேவையில்லை. 2013இல் வந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இருந்து வந்த வகைப்பாடு அது. இன்றைக்குப் பிள்ளைக்கு எவ்வளவு துணை தேவை என்பதையே அது சொல்கிறது. பிள்ளையின் கெட்டித்தனத்தை அது அளப்பதில்லை. பத்து வருஷத்துக்குப் பிறகும் அதே நிலையில்தான் இருப்பான் என்றும் சொல்வதில்லை.

பிறகு பழி தொடங்கும். உலகத்திலும் அப்படித்தான் தொடங்கியது. 1943இல் லியோ கானர் என்ற உளமருத்துவர் அமெரிக்காவில் பதினொரு பிள்ளைகளை விவரித்து எழுதினார். அவர் எழுதியதில் பெற்றோரின் குளிர்ந்த சுபாவம் பற்றிய குறிப்பும் இருந்தது. அடுத்த இருபது வருஷம் மேற்கு நாடுகளில் தாய்மாரைக் குற்றவாளிகளாக்க அது போதுமாயிருந்தது. 1964இல் பெர்னார்ட் றிம்லண்ட் என்ற உளவியலாளர், தானும் ஓட்டிசம் உள்ள மகனின் தகப்பன், அந்தக் கதையை உடைத்துப் புத்தகம் எழுதினார். தடுப்பூசிதான் காரணம் என்று 1998இல் லான்செற் சஞ்சிகையில் வந்த கட்டுரை 2010இல் அந்தச் சஞ்சிகையாலேயே மீளப்பெறப்பட்டது. எங்கள் ஊர்களில் காரணம் வேறு பெயர்களில் வரும்: கண்ணூறு, வயிற்றில் இருக்கும்போது பயந்தது, தாய் போனைக் குடுத்தது. மூளை வளர்கின்ற விதத்தில் பிறப்போடு வரும் வேறுபாடு இது. தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமில்லை. நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். நேர்த்தியோடு நேரமும் போய்விடக்கூடாது.

இது எங்கோ ஒருவருக்கு வருவது என்றும் நினைக்கவேண்டாம். பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தென்பகுதியின் அரை நகர்ப்புறப் பிரதேசமொன்றில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குட்பட்ட 374 பிள்ளைகளைப் பார்த்தார்கள். 93 பேருக்கு ஒருவர் என்று வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் உலகக் கணக்குக்குக் கிட்டவே நிற்கிறது. அப்படியென்றால் நூறு பிள்ளைகள் படிக்கும் தீவுப் பள்ளிக்கூடத்தில் சராசரியாக ஒரு பிள்ளை இருக்கவேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுக்கக்கூடாது என்கிறது. கட்டாயக் கல்வி வயது 1998 முதல் ஐந்திலிருந்து பதினாலு வரை இருந்தது. 2016இல் பதினாறு ஆனது. அதே 2016இல்தான் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. கடதாசியில் குறைவில்லை.

ஆனால் அதிபரின் அறையில் வழமையாகக் கிடைக்கும் பதில் இப்படி இருக்கும்: "எங்களிட்டை இதுக்குப் படிச்ச ரீச்சர் இல்லை அம்மா. ரவுணிலை எங்கையாவது சேர்க்கப் பாருங்கோ." கெட்ட மனதோடு சொல்லப்படுவதல்ல, பயத்தில் சொல்லப்படுவது. ரவுணில் என்ன இருக்கிறது? கோண்டாவிலில் ஆறு திருமுருகன் 2004இல் தொடக்கிய, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிவபூமிப் பாடசாலை இருக்கிறது. வலிகாமத்துப் பெற்றோர் பலருக்கு அது பெரிய ஆறுதல். நெடுந்தீவிலிருந்தோ அனலைதீவிலிருந்தோ தினமும் போய்வர முடியுமா? முடியாது. ஆகவே குடும்பம் இரண்டாகிறது: தாயும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் வாடகை அறையில், தகப்பன் தீவில் கடல் தொழிலில். வாடகை கட்ட முடியாதவர்கள் தீவிலேயே இருந்துவிடுகிறார்கள், பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

எனக்கு இதில் ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இந்த மாவட்டத்திலேயே பொருத்தமான பள்ளிக்கூடம் தீவுப் பள்ளிக்கூடம்தான். ரவுணில் நாற்பது பிள்ளைகள் கத்தும் வகுப்பறைக்குள் அவன் எப்படி இருப்பான்? இடப்பெயர்வுக்குப் பிறகு ஆள் குறைந்த எங்கள் தீவுகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு வகுப்பு நடக்கிறது. சத்தம் குறைவு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பிள்ளை குறைந்துவிட்டது, பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்று நாங்கள் பயப்படுகிற அதே குறைவுதான் இந்தப் பிள்ளைக்கு வாய்ப்பு.

அந்த வாய்ப்பைக் கெடுப்பது இன்னொன்று: ஆசிரியர் நிலைப்பதில்லை. பலர் தினமும் குடாநாட்டிலிருந்து வந்துபோகிறவர்கள். படகோடு வந்து படகோடு போகவேண்டும். கார்த்திகை, மார்கழியில் கடல் பொங்கினால் அதுவும் இல்லை. கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் இடமாற்றம். ஒரு மேசையின் இடம் மாறினாலே கலங்குகிற பிள்ளைக்கு, வருஷத்துக்கொரு ரீச்சர் என்பது வருஷத்துக்கொரு பூகம்பம்.

நிபுணர்கள் வந்து நிரந்தரமாகத் தங்குவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை. பேச்சு, செவிப்புலச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் படிப்பு ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நடக்கிறது. தமிழில் வேலைசெய்யக்கூடியவர்கள் மிகச் சிலர். ஆனால் நிபுணர் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2016இல் வெளிவந்தது. பயிற்சி கொடுக்கப்பட்ட, நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் ஆறு மாதத்தில் பன்னிரண்டு தடவை பெற்றோரைச் சந்தித்து, பிள்ளையோடு எப்படி விளையாடுவது, பிள்ளை காட்டும் சின்னச் சைகைக்கு எப்படிப் பதில் கொடுப்பது என்று பழக்கினார்கள். எல்லா அளவீட்டிலும் முன்னேற்றம் வரவில்லை. ஆனால் பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் கொடுப்பது கூடியது. பிள்ளை தானாகத் தொடர்பு தொடங்குவதும் கூடியது. இலங்கையிலும் பேராசிரியர் பெரேராவின் குழு, தாய் வீட்டிலே செய்யும் ஆரம்பப் பயிற்சி பலன் தருவதாக 2016இல் எழுதியிருக்கிறது. தீவில் இருக்கிற குடும்பநல உத்தியோகத்தரும் முன்பள்ளி ரீச்சரும் இதைப் பழகக்கூடியவர்கள். அவர்கள் அங்கேயே இருப்பவர்கள்.

பாடசாலையிடம் வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். பெறுபேற்றின் பிரதியை இணைத்து அதிபருக்கு ஒரு கடிதம். அதன் பிரதி தீவக வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விப் பிரிவுக்கு. உங்கள் கையில் இருக்கும் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். கேட்பது பெரிய விஷயமாக இருக்கத் தேவையில்லை. தினமும் ஒரே இடத்தில் இருக்க விடுவது. காலைப் பிரார்த்தனையில் ஒலிபெருக்கி தாங்காவிட்டால் வகுப்பிலேயே இருக்க விடுவது. முதல் மாதம் தாயோ ஒரு மாமியோ வகுப்பில் பக்கத்தில் இருக்க அனுமதிப்பது. அன்றைய நாளின் ஒழுங்கைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுவது. அந்தப் படங்களில் ஒன்று தீவுக்கு மட்டும் தேவையானது: படகு, அதன்மேல் சிவப்புப் புள்ளடி. இண்டைக்குப் படகு இல்லை, ரீச்சர் வரமாட்டா என்று விடியவே காட்டிவிட்டால் பிள்ளையின் நாள் குழம்பாது. பெரிய வகுப்புக்கு வரும்போது பொதுப் பரீட்சைகளில் மேலதிக நேரம் கேட்கவும் வழி இருக்கிறது. அதற்கு இன்றைய கடதாசிகள் வேண்டும், எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்றை மிக அழுத்திச் சொல்லவேண்டும். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போவார்கள். அவர்களில் பலரைத் தண்ணீர் இழுக்கும். அமெரிக்க ஆய்வுகளில் இந்தப் பிள்ளைகளின் இறப்புக்கான முக்கிய காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது. எங்களுக்குச் சுற்றிவரக் கடல். கைவிடப்பட்ட வளவுகளில் கட்டில்லாத கிணறுகள், துரவுகள், பற்றை மூடிய கேணிகள். பெறுபேறு வந்த அன்றே வீட்டுப் படலைக்குக் கொளுக்கி போடுங்கள். இறங்குதுறையில் நிற்பவர்களுக்கும் கடற்கரை வாடிக்காரருக்கும் சந்திக் கடைக்காரருக்கும் பிள்ளையின் முகத்தைக் காட்டி வையுங்கள். மறைத்து வளர்த்த பிள்ளை தொலைந்தால் அது ஆருடைய பிள்ளை என்று ஊருக்குத் தெரியாது. ஏலுமானவர்கள் நீந்தப் பழக்குங்கள். மற்ற எல்லாப் பயிற்சிக்கும் முன்னால்.

முடிக்குமுன் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இதைப் படிக்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கு. உங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் இப்படியான பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு உதவியாளர் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வளைவு கட்டியாயிற்று, ஸ்மார்ட் போர்ட்டும் வந்தாயிற்று. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் எடுங்கள்: அதே தீவில் பிறந்து அங்கேயே இருக்கிற, உயர்தரம் முடித்த ஒரு பெண்பிள்ளைக்குப் பயிற்சிச் செலவும் ஐந்து வருஷச் சம்பளமும். அதிபரோடும் வலயத்தோடும் பேசி, வகுப்பறை உதவியாளராக அவரை வையுங்கள்.