கூத்தும் குறியாக்கமும்: கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருளை மூலநிரலிலிருந்து ஆக்கிக்கொள்ளல்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலப்பரப்பில், காத்தான்குடிக்குத் தெற்கே அமைந்துள்ள ஊர் ஆரையம்பதி. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்தி நிகழும் இவ்வாவிக்கரை ஊர்களிலே, வட்டக்களரியில் இரவு முழுதும் கூத்தாடும் மரபும் இன்னும் அற்றுப் போகவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையில் இக்கூத்து மரபை மேடைக்குக் கொணர்ந்தபோது, ஆவணப்படுத்தல் என்பது பெரும்பாலும் ஏட்டைப் பெயர்த்தெழுதி அச்சேற்றுவதாகவே இருந்தது. இன்றோ கூத்து நிகழுமிடமெங்கும் கைத்தொலைபேசிகளும் ஒளிப்பதிவுக் கருவிகளும் நிற்கின்றன. பதிவு செய்வோர் பலர். பதிவானது பின்னர் என்னவாகிறது என்று கேட்போர் சிலரே. அக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதி, நம்மவர் பெரிதும் கருத்திற் கொள்ளாத ஒரு தொழில்நுட்பச் செயலில் அடங்கியுள்ளது. படத்தொகுப்பு மென்பொருளை நமது கணினியின் வன்பொருளுக்கு இசைய நாமே ஆக்கிக்கொள்வதே அச்செயலாகும்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 1920க்கு 1080 என்ற அளவிலான ஒரு சட்டகத்தில் 20,73,600 புள்ளிகள் உள. ஒரு புள்ளிக்குச் சராசரியாக ஒன்றரை பைற்று, செக்கனுக்கு 25 சட்டகங்கள் என்று கொண்டால், ஒரு செக்கன் காட்சி ஏறத்தாழ 78 மெகாபைற்று ஆகும். 8 மணித்தியாலக் கூத்தொன்று 7,20,000 சட்டகங்களைக் கொண்டது. சுருக்காது வைத்தால் 2 ரெராபைற்றுக்கும் மேற்பட்ட இடத்தை விழுங்கிவிடும். அதனையே செக்கனுக்கு 8 மெகாபிற்று என்ற வீதத்திற் சுருக்கினால் 29 கிகாபைற்று அளவில் அடங்கும். இச்சுருக்கமே குறியாக்கம் எனப்படுவது. ஒரு சட்டகத்துக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையே எது அசைந்தது, எங்கு அசைந்தது என்று தேடி, மாறாதவற்றை மீள எழுதாது விடுவதே அதன் சாரம். தீப்பந்த ஒளியில் கரப்புடுப்புடன் சுழன்றாடும் கூத்தரின் உருவில் மாறாத பகுதி மிகக் குறைவு. ஆகவே, செய்தி வாசிப்பவரின் முகத்தைக் குறியாக்குவதிலும் கூத்தைக் குறியாக்குவது கணினிக்குப் பன்மடங்கு கடினமானது.

பழைய கணினியொன்றின் மையச் செயலி செக்கனுக்கு 10 சட்டகங்களைக் குறியாக்குகிறது எனக் கொள்வோம். மேற்சொன்ன கூத்துக்கு 20 மணித்தியாலம் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறந்திருக்க முடியாது. எம்பி4 வகைக் கோப்பின் அட்டவணை பொதுவாக இறுதியிலேயே எழுதப்படுவதால், பதினெட்டாவது மணித்தியாலத்தில் மின்சாரம் நின்றால் எஞ்சுவது திறக்கவொண்ணாத கோப்பு மட்டுமே. ஆயின் அதே கணினியினுள், காணொளிக் குறியாக்கத்துக்கென்றே வார்க்கப்பட்ட தனிச்சுற்று ஒன்றும் இருக்கக்கூடும். இன்ரெல் நிறுவனம் 2011 முதல் தன் கோர் வகைச் செயலிகள் பலவற்றிலும், என்விடியா 2012 முதல் தன் வரைவியல் அட்டைகளிலும் இத்தகைய சுற்றுகளைச் சேர்த்துள்ளன. அது செக்கனுக்கு 100 சட்டகங்களைக் கையாளுமாயின், வேலை 2 மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வன்பொருள் முடுக்கம் என வழங்குவது இதுவே. வசதி படைத்தோரின் ஆடம்பரமாக இது பேசப்படுவதுண்டு. எமது நோக்கில் நிலைமை தலைகீழானது. புதிய கணினி வாங்க வல்லவனுக்கு மையச் செயலியே போதும். இரண்டாந்தர மடிக்கணினியும் நம்பவியலா மின்சாரமும் உடையவனுக்கே இச்சுற்று இன்றியமையாதது. விலைகொடுத்துப் பெற்ற அவ்வுறுப்பு வேலையின்றிக் கிடக்கிறது என்பதே நமது பிரச்சினை.

அது ஏன் வேலையின்றிக் கிடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, 'தொகுத்தல்' என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். காட்சிகளை வெட்டி இணைப்பதும் தொகுப்பு. மனிதர் எழுதிய மூலநிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதும் நமது பாடநூல் வழக்கிலே தொகுப்பு. மயக்கம் நேராதிருக்க, முன்னதைப் படத்தொகுப்பு என்றும் பின்னதை நிரல் தொகுப்பு என்றும் இங்கு வழங்குவோம். சங்கப் பாடல்கள் பற்றிய மரபிலே தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்ற வேறுபாடு உண்டு. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. எது உள்ளே வரும், எது வெளியே நிற்கும் என்பதிற் தொகுப்பித்தோனின் விருப்புக்கும் இடமுண்டு. ஆயத்தநிலையிற் கிடைக்கும் மென்பொருளும் அத்தகையதே. யாரோ ஒருவர், எங்கோ ஒரு நாட்டில், தமது சட்டச் சூழலையும் தமது கணினியையும் மனதிற் கொண்டு அதனைத் தொகுப்பித்திருக்கிறார். மூலநிரல் கையிலிருந்தால் நாமும் தொகுப்பிக்கலாம். கட்டற்ற மென்பொருள் என்பதன் பொருள் விலையின்மை அன்று; இவ்வுரிமையே.

கேடென்லைவ், ஷொட்கட் என்பன நம்மிடையே ஓரளவு அறியப்பட்ட கட்டற்ற படத்தொகுப்பு மென்பொருள்கள். இவையிரண்டும் தாமே எதையும் குறியாக்குவதில்லை. இவற்றின் கீழே எம்எல்ரி என்ற அடித்தளமும், அதன் கீழே ஃபப்ரிஸ் பெல்லார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் நிரலகமும், அதன் கீழே வன்பொருளை அணுகும் இடைமுகமும், அதற்கும் கீழே சாரதி நிரலும், ஈற்றிலே சில்லும் உள. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேலை மீண்டும் மையச் செயலியின் தலையிலேயே விழும்.

நிரல் தொகுப்பிலே மூன்று படிகள் உள. முதலாவது அமைவுப் படி. கணினியில் எவையெவை உள்ளன என்று இது தேடிப் பார்க்கும். இரண்டாவது நிரலை இயந்திர மொழியாக்கும் படி. மூன்றாவது நிறுவும் படி. பின்னிரண்டும் நேரத்தை விழுங்குவனவேயன்றிச் சிந்தனையை வேண்டுவனவல்ல. இடர் முழுவதும் முதற்படியிலேதான் உளது. எஃப்எஃப்எம்பெக்கின் அமைவு நிரல், எக்ஸ்264 போன்ற புற நிரலகங்களைப் பெயர் சுட்டிக் கேட்டாலன்றிச் சேர்ப்பதில்லை. கேட்டும் கிடைக்காவிடின் பிழை கூறி நின்றுவிடும். வன்பொருள் இடைமுகங்களையோ தானே தேடும். அவற்றுக்குரிய தலைப்புக் கோப்புகள் கணினியில் இல்லையெனின், ஒரு சொல்லும் கூறாது அவற்றை விட்டுவிட்டு மேற்செல்லும். தொகுப்பு வெற்றியுடன் முடியும், மென்பொருள் திறக்கும், படமும் ஓடும், முடுக்கம் மட்டும் இராது. இவ்விடத்தில் ஏமாந்தவருள் நானும் ஒருவன். ஓர் இரவு முழுதும் தொகுத்து முடித்த பின்னரே, மேம்பாட்டுக்குரிய ஒரு சிறு பொதியை நிறுவ மறந்தமை தெரியவந்தது. ஆதலின் அமைவுப் படியின் ஈற்றில் அச்சாகும் நீண்ட பட்டியலை, சலிப்பூட்டினும், வரிவரியாக வாசித்தல் வேண்டும். நமது வன்பொருளின் பெயர் குறியாக்கிகளின் வரிசையில் இடம்பெறாவிடின், அங்கேயே நிறுத்திவிடுதல் நன்று.

சாரதி நிரலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இன்ரெல் செயலிகளுக்கு இரு சாரதிகள் உள. 2014இல் வெளிவந்த பிராட்வெல் தலைமுறையும் அதற்குப் பிந்தியனவும் புதிய சாரதிக்கு உரியன. அதற்கு முந்தியவற்றுக்குப் பழைய சாரதியே வேண்டும். புதியதையும் டெபியன் இரு பொதிகளாகவே வழங்குகிறது. குறியாக்க வசதிகள் நிறைவாக உள்ள பொதி, கட்டற்றவற்றின் பிரிவுக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது. என்விடியா அட்டைகளிலோ, அந்நிறுவனத்தின் மூடிய சாரதியின்றிக் குறியாக்கச் சுற்றை இயக்கவியலாது. மேல்மாடி நமதாயினும் அத்திவாரம் பிறனுடையது என்ற உண்மையை இங்கு மறைத்தற்கில்லை.

காப்புரிமையின் தலையீடு இதனிலும் கூர்மையானது. 2003இல் வெளியான எச்.264 நியமமும், 2013இல் வெளியான எச்.265 நியமமும் பல நிறுவனங்களின் காப்புரிமைகளால் வேலியிடப்பட்டவை. அமெரிக்க நிறுவனமான ரெட் ஹட்டின் ஆதரவில் இயங்கும் ஃபெடோரா, 2022 செப்ரெம்பரில், தனது மேசா நிரலகத்திலிருந்து இந்நியமங்களுக்கான வன்பொருள் முடுக்கத்தை நீக்கியது. ஏஎம்டி வரைவியற் சில்லுடைய கணினிகளில் நேற்றுவரை இயங்கிய வசதி, ஒரு புதுப்பிப்போடு மறைந்தது. சில்லிலே யாதொரு மாற்றமும் இல்லை. தொகுப்பித்தோர் ஒரு தெரிவை மாற்றினர், அவ்வளவே. மூலநிரல் திறந்திருந்தமையாற் தன்னார்வலர் அதனை மீளத் தொகுத்து வேறொரு களஞ்சியத்தில் வைத்தனர். இவ்வாறு விடுபட்டவற்றை இட்டு நிரப்பும் முயற்சி நம் நாட்டிலும் முன்னரே நடைபெற்றதுண்டு. பேராதனையை அடுத்த ஹந்தானை மலைத்தொடரின் பெயரைத் தாங்கிய ஹந்தானை லினக்ஸ், ஃபெடோராவை அடியாகக் கொண்டு, இணைய வசதி குன்றிய இலங்கைப் பயனருக்காகப் பல்லூடக நிரல்களையும் உள்ளடக்கி ஆக்கப்பட்டதாகும்.

இதுவரை கூறியது கொண்டு, வன்பொருட் குறியாக்கமே எங்கும் சிறந்தது என்று கருதிவிடலாகாது. தனிச்சுற்று விரைவது, தேடலைச் சுருக்கிக்கொள்வதாலும் ஆகும். ஒரே வீதத்திற் குறியாக்கினால், பழைய தலைமுறைச் சுற்றுகள் தரும் படம் எக்ஸ்264 நிதானமாகத் தரும் படத்தினும் தாழ்ந்ததே. இரவுக் கூத்தின் இருண்ட பின்னணியில் இக்குறை கட்டங்கட்டமாக வெளிப்படக் காணலாம். ஊரார் பார்ப்பதற்கும் அயல்நாட்டு உறவினர்க்கு அனுப்புவதற்கும் ஆன படிக்கு இது போதும். ஆவணப் படிக்குப் போதாது. அதற்கு ஒளிப்பதிவுக் கருவி தந்த மூலக் கோப்பை மாற்றாது பேணுதலே முறை. 1980களிலும் 1990களிலும் விஎச்எஸ் நாடாக்களிற் பதிவான நிகழ்வுகள் வேறு வகையின. அவற்றுட் போருக்கும் இடப்பெயர்வுக்கும் 2004 திசெம்பர் 26 ஆழிப்பேரலைக்கும் தப்பியவை, உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை எண்மயப்படுத்துகையில், இழப்பின்றிச் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையைக் கொள்ளுதல் தகும். ஆவணக் காப்பகங்கள் கையாளும் இம்முறையின் வரையறை 2021இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் வெளியிடப்பட்டது. காப்புரிமை வேலி இதற்கில்லை. எஃப்எஃப்எம்பெக்கிலே இது இயல்பாகவே அடங்கியுள்ளது. நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து அச்சு ஆவணங்களை எண்மயப்படுத்தி, பின்னர் ஆவணகம் வழியே பல்லூடகத்துக்கும் தன் பணியை விரித்துள்ள இக்காலத்தில், ஊர்தோறும் செய்யப்படும் படிகளின் தரம் பற்றி நாம் ஓர் உடன்பாட்டுக்கு வருவது அவசரமானது.

நடைமுறை சார்ந்த ஒன்றை மட்டும் இங்குச் சேர்த்தல் வேண்டும். தானே தொகுத்த மென்பொருள், இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அறுந்துபோகக்கூடும். அப்போது மீளத் தொகுக்க வேண்டிவரும். எனவே அமைவுப் படியில் கொடுத்த தெரிவுகள், நிரலகங்களின் பதிப்பெண், சாரதியின் பெயர் ஆகியவற்றை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி, கூத்தின் பெயர், களரி, ஆடிய திகதி, அண்ணாவியார் பெயர் என்பனவற்றோடு அதே வன்தட்டில் வைத்தல் நன்று. அக்கோப்பை ஒரு தாளிலும் அச்சிட்டு வன்தட்டின் உறைக்குள் இட்டுவிடலாம்.