தூங்குகிற கிருமி



மார்ச் 24 உலக காசநோய் நாள். 1882-ஆம் ஆண்டு இதே தேதியில்தான் ராபர்ட் காக் என்ற ஜெர்மனி நாட்டு விஞ்ஞானி, காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை பெர்லின் நகரில் அறிவித்தார். அதனால் இந்தச் சுவரிதழின் அறிவியல் பகுதிக்கு காசநோய் பற்றி எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கினேன். காரணம், இது எங்க வீட்டில் நடந்த விஷயம். அம்மாவிடம் கேட்டு, அவங்க "எழுது பாப்பா" என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்க வீட்டில் நடந்தது

எங்க அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறாங்க. ஒன்பது வருஷமாக அதே வேலைதான். வார்டைக் கூட்டுவது, துடைப்பது, நோயாளிகள் துப்பிய கிண்ணத்தை எடுத்துக் கழுவுவது எல்லாம் அம்மாதான். அந்த வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்காவுக்கு டி.பி. வந்துவிட்டது. உடனே அங்கே வேலை பார்க்கிற எல்லோரையும் சோதித்தார்கள். அம்மாவுக்கு "பாசிட்டிவ்" என்று வந்தது.

பக்கத்து வீட்டு அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தட்டு, தம்ளரெல்லாம் தனியா வச்சிருடி. உனக்கும் தம்பிக்கும் ஒட்டிக்கும்" என்று சொன்னாங்க. நான் பயந்துவிட்டேன். எங்க வீட்டு எவர்சில்வர் தம்ளர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதில் ஒரு தம்ளரின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, அதிலேயே அம்மாவுக்கு காபி கொடுத்தேன். இரண்டு நாள் அம்மாவுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது பார்த்துட்டாங்க. "இது எனக்கா பாப்பா?" என்று மட்டும் கேட்டாங்க. திட்டவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்க்க அம்மா போனபோது நானும் கூடப் போனேன். அவங்க சொன்னதையும், பிறகு எங்க அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தொற்று வேறு, நோய் வேறு

டி.பி. நோயாளி இருமும்போது கிருமி காற்றில் கலக்கிறது. அடைத்த அறையில் அது பல மணி நேரம் மிதந்துகொண்டே இருக்கும். அந்தக் காற்றை இழுக்கிறவர்களின் நுரையீரலுக்குள் போய்விடும். நம் உடம்பில் இருக்கும் எதிர்ப்புச் செல்கள் அதைச் சூழ்ந்து அடைத்து வைக்கின்றன. ஆனால் முழுவதும் கொல்ல முடிவதில்லை. கிருமி பெருகாமல் உள்ளேயே தூங்குகிறது. இதைத்தான் உறங்குநிலைத் தொற்று என்கிறார்கள்.

விறகு அடுப்பில் சமைத்த பிறகு சாம்பலுக்கு அடியில் தணல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மேலே ஒன்றுமே தெரியாது. சாம்பலுக்குள் இருக்கும்வரை அது கூரையில் பற்றாது. இந்தக் கிருமியும் அப்படித்தான். தூங்குகிறவரை இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடுத்தவருக்குப் பரவவும் பரவாது. எங்க அம்மாவிடமிருந்து எனக்கோ தம்பிக்கோ ஒட்டாது என்று டாக்டரம்மா அடித்துச் சொன்னாங்க. இன்னொன்றும் சொன்னாங்க. நிஜமாகவே டி.பி. நோய் வந்தவர்களிடமிருந்தும் தட்டு, தம்ளர், துணிமணி வழியாகப் பரவாது. காற்று வழியாகத்தான் பரவும். அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 100 பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாள் முழுவதும் சேர்த்து 5 முதல் 10 பேருக்குத்தான் கிருமி விழித்து நோயாக மாறும். தொற்றிய முதல் இரண்டு வருஷத்தில்தான் அந்த ஆபத்து அதிகம். சர்க்கரை நோய், எச்.ஐ.வி., சத்தில்லாத உடம்பு, சிகரெட், குடிப்பழக்கம் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மாண்டூ என்று ஒரு சோதனை. முன்னங்கையின் உள்பக்கத்தில் தோலுக்குள் சின்னதாக ஊசி போடுவார்கள். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். சிவந்திருப்பதை அளக்க மாட்டார்கள். கையால் தடவி, தடித்திருப்பதைத்தான் ஸ்கேல் வைத்து அளப்பார்கள். பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ். அம்மாவுக்கு 16 இருந்தது. நம் எல்லோருக்கும் பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியாலும் சிலருக்கு இது தடிக்கலாம். அந்தக் குழப்பம் இல்லாத ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. அதன் பெயர் ஐ.ஜி.ஆர்.ஏ.

ஆனால் கிருமி தூங்குகிறதா, விழித்துவிட்டதா என்று இந்த இரண்டு சோதனையும் சொல்லாது. அதற்காக இருமல், காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டு, நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். அம்மாவுக்கு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. ஆகவே தொற்று உண்டு, நோய் இல்லை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏன் அதிகம்?

மகாராஷ்டிர மாநிலத்தில் வார்தா பக்கம் சேவாகிராம் இருக்கிறது. காந்தியடிகள் வாழ்ந்த ஊர். அங்கே உள்ள மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் கழகத்தில் வேலை பார்த்தவர்களையும் படித்தவர்களையும் சோதித்தார்கள். அந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. தோல் சோதனை, ரத்தப் பரிசோதனை இரண்டும் செய்த 719 பேரில் 360 பேருக்கு ஏதாவது ஒன்றிலாவது பாசிட்டிவ். அதாவது சரிபாதி! வயதும், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வருஷங்களும் கூடக் கூட தொற்றும் கூடியிருந்தது.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. டி.பி. என்று கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்துவிட்டால், மருந்து வேலை செய்யும் நோயாளியிடமிருந்து பரவுவது சீக்கிரமே குறைந்துவிடும். என்ன நோய் என்றே தெரியாமல் சும்மா "இருமல்" என்று படுத்திருப்பவரிடம்தான் ஆபத்து அதிகம். அவர் பக்கத்தில் நின்று ஊசி போடுவது நர்ஸ். தரை துடைப்பது எங்க அம்மா. எங்க அம்மாவுக்குக் கொடுத்தது மெல்லிசான ஒரு மாஸ்க். அதுவும் தினமும் கிடைக்காது. கிருமியைத் தடுக்கிற என்-95 மாஸ்க் துப்புரவு வேலைக்காரர்கள் வரை வரவில்லை. கொசு வருகிறது என்று வார்டு ஜன்னலையும் சாத்திவிடுவார்களாம்.

ஜன்னல் சும்மா இல்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரில் 8 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். ஜன்னலையும் கதவையும் திறந்து வைத்த அறைகளில் ஒரு மணி நேரத்தில் சுமார் 28 தடவை காற்று மாறியது. இயந்திரம் வைத்துக் காற்றை மாற்றும் அறைகளுக்குச் சொல்லப்பட்ட அளவு 12 தடவைதான். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களே புதியவற்றைவிட நன்றாக இருந்தன. காசே இல்லாத வைத்தியம் இது!

மாத்திரை எதற்கு?

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, பிறகு நான் எதுக்கு மாத்திரை போடணும்?" என்று அம்மா கேட்டாங்க. வேலை போய்விடுமோ என்ற பயமும் அவங்களுக்கு இருந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கிருமி விழிக்கும் வாய்ப்பு அதிகம், இப்போதே அதை அழித்துவிடுவது நல்லது என்று டாக்டரம்மா விளக்கினாங்க. தடுப்பு மருந்தில் இரண்டு வழி பழக்கத்தில் உண்டு. ஒன்று, ஐசோநயாசிட் மாத்திரை 6 மாதம் தினமும். மற்றொன்று, ஐசோநயாசிட்டும் ரிஃபாபென்டைனும் சேர்த்து வாரம் ஒரு தடவை, மொத்தம் 12 வாரம். அம்மாவுக்கு வார மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். பசியே இல்லாமல் போனால், வாந்தி வந்தால், கண் மஞ்சளானால் உடனே காட்ட வேண்டும்.

நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் இந்த மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் விழித்த கிருமியைக் கொல்ல முதலில் நான்கு மருந்து சேர்த்து வேண்டும். குறைவாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

உங்களுக்குத் தெரியுமா?

* டாக்டர் கழுத்தில் மாட்டும் ஸ்டெதாஸ்கோப்பை 1816-இல் கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு மருத்துவர் லெனெக். 1826-இல் அவரே காசநோயால் இறந்தார்.
* ராபர்ட் காக் காசநோய் ஆராய்ச்சிக்காக 1905-இல் நோபல் பரிசு பெற்றார்.

நினைவில் வைப்போம்

1. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.
2. இருமும்போது வாயை மூட வேண்டும்.
3. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.
4. தொற்று உள்ளவரை ஒதுக்கக் கூடாது.

நம் வகுப்பிலேயே நர்ஸ், ஆயா, துப்புரவு வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் இருக்கிறோம். நமக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில்தான் அவங்களுக்குக் கிருமி வருகிறது. அவங்களைப் பார்த்து யாரும் விலகிப் போகாதீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுறாங்க. நான் காலண்டரில் வட்டம் போடுகிறேன். ஏழு வாரம் முடிந்தது, இன்னும் ஐந்து இருக்கிறது. தம்ளரில் இருந்த நகப்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டேன். லேசாக ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. இப்போது அந்தத் தம்ளரில் யார் வேண்டுமானாலும் குடிக்கிறோம்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி