திரைப்படக் காப்புப் பிரதிகளும் இழப்பற்ற ஒலியும்: கோப்பின் பருமன் பற்றிய ஒரு நோக்கு

திரைப்படமொன்றைக் கணனியிற் காப்புப் பிரதி செய்ய முனைவோர் முதலிற் கவலைகொள்வது படத்தின் காட்சியைப் பற்றியே. ஒலி அதனோடு ஒட்டிக்கொண்டு வரும் சிறு சுமையெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. சேமிப்பிடம் போதாதவிடத்து முதலில் வெட்டுக்கு உள்ளாவதும் ஒலியே. இவ்வழக்கம் எத்துணை நியாயமானது என்பதை ஒலியின் உண்மையான பருமனைக் கணக்கிட்ட பின்னரே கூறலாம். இழப்பற்ற ஒலி கோப்பைப் பெருக்கிவிடும் என்ற கூற்று, ஓரிடத்தில் உண்மையாகவும் பிறிதோரிடத்தில் ஏறத்தாழப் பொருளற்றதாகவும் அமைவதை இக்கட்டுரையிற் காட்ட முயல்வோம்.

இலக்கமுறை ஒலி என்பது, ஒலியலையின் உயரத்தைக் குறித்த கால இடைவெளிகளில் அளந்து பெற்ற எண்களின் வரிசையாகும். திரைப்பட ஒலி வழமையாக ஒரு செக்கனுக்கு 48,000 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 24 பிற்றுகளில் எழுதப்படுமாயின், ஓர் அலைவரிசைக்குச் செக்கனொன்றுக்கு 1,152,000 பிற்றுகள் தேவைப்படும். இரண்டு மணி நேரப் படத்துக்கு இது 1.04 கிகாபைற்று ஆகின்றது (ஒரு கிகாபைற்று என்பதை நூறு கோடி பைற்றுகளாகவே இங்கு கொண்டுள்ளோம்). 5.1 எனக் குறிக்கப்படும் ஆறு அலைவரிசை அமைப்பிலே, எவ்விதச் சுருக்கமும் செய்யாவிடின், ஒலி மட்டுமே 6.2 கிகாபைற்று இடத்தைக் கொள்ளும்.

இவ்வளவையும் சுமக்க விரும்பாமையாலேயே இழப்புள்ள சுருக்க முறைகள் தோன்றின. 1992ஆம் ஆண்டு ‘பற்மன் றிற்றேர்ன்ஸ்’ திரைப்படத்துடன் திரையரங்குகளுக்கு வந்த டொல்பி நிறுவனத்தின் ஏசி-3 முறை அவற்றுள் நன்கறியப்பட்டது. உரத்த ஒலியொன்று அதற்கு அண்மையிலுள்ள மெல்லிய ஒலியை நமது செவிக்கு எட்டாது மறைத்துவிடும் என்ற உண்மையை அது பயன்கொள்கின்றது. மறைக்கப்படுவதைத் துல்லியமாக எழுதிவைக்க வேண்டியதில்லை என்பதே அதன் தருக்கம். புளூ-றே வட்டில் இம்முறைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வீதம் செக்கனுக்கு 640 கிலோபிற் ஆகும். அவ்வீதத்திற் கூட இரண்டு மணி நேரத்துக்கு 0.58 கிகாபைற்றே வேண்டும். அதாவது மூலத்தின் பதினொன்றில் ஒரு பங்கு. பெருஞ் சாதனைதான். ஆயினும் கைவிடப்பட்டவை மீளக் கிடைப்பதில்லை. அவ்வொலியைப் பின்னர் வேறொரு முறைக்கு மாற்றும்போது இழப்பின் மேல் இழப்புச் சேரும்.

இழப்பற்ற சுருக்கம் வேறொரு வழியிற் செல்கின்றது. அது எதனையும் கைவிடுவதில்லை, எதிர்வுகூறுகின்றது. ஒலியலை திடீரெனத் தாவுவது அரிது. ஆகவே முன்சென்ற சில அளவுகளைக் கொண்டு அடுத்த அளவை ஓரளவு ஊகிக்கலாம். ஊகத்துக்கும் உண்மைக்கும் இடையிலான எச்சம் மட்டுமே எழுதப்படுகின்றது. எச்சங்கள் பெரும்பாலும் சிறிய எண்கள். சிறிய எண்களுக்குக் குறுகிய குறியீடு போதும். அமெரிக்காவின் தாரை உந்துகை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றொபேட் றைஸ் விண்கலத் தரவுகளுக்கென 1970களில் வகுத்த குறியீட்டு முறையே, 2001இல் வெளிவந்த ஃபிளாக் என்னும் ஒலிக்கோப்பு முறையில் இப்பணியைச் செய்கின்றது. பிரிக்கும் வேளையில் அதே ஊகம் மீளச் செய்யப்பட்டு எச்சம் கூட்டப்பட, மூல எண் ஒரு பிற்றும் வழுவாது கிடைக்கின்றது. புளூ-றே வட்டுகளிற் காணப்படும் டொல்பி ட்றூஎச்டி, டிரிஎஸ்-எச்டி மாஸ்ரர் ஓடியோ ஆகியனவும் நுணுக்கங்களில் வேறுபடினும் நோக்கத்தில் இவ்வினத்தனவே.

இதிலிருந்து ஒரு முக்கிய விளைவு பிறக்கின்றது. இழப்புள்ள முறையிற் பருமனை நாம் முன்கூட்டியே விதிக்கலாம். இழப்பற்ற முறையிற் பருமனை ஒலியே விதிக்கின்றது. உரையாடல் மிகுந்து மௌனங்கள் நிறைந்த படம் வெகுவாகச் சுருங்கும். வெடியோசையும் வாத்தியப் பேரொலியும் இடைவிடாது ஒலிக்கும் படம் அவ்வளவு சுருங்காது. பொதுக் கணக்குக்காக அரைவாசி எனக் கொள்வோமாயின், மேற்கூறிய 6.2 கிகாபைற்று 3.1 ஆகின்றது.

இனி இதனைக் காட்சியோடு சேர்த்து நோக்குவோம். புளூ-றே வட்டொன்றின் காட்சியைச் செக்கனுக்கு 25 மெகாபிற் என்ற வீதத்தில் மாற்றமின்றிப் பிரதி செய்தால் அது மட்டும் 22.5 கிகாபைற்று. இழப்பற்ற ஒலியுடன் மொத்தம் 25.6, ஒலியின் பங்கு நூற்றுக்கு 12. அவ்வொலியை அகற்றி ஏசி-3 ஒலியை வைத்தால் நூற்றுக்குப் பத்தளவே மிச்சம். இச்சிறு மிச்சத்துக்காக மீளப்பெற முடியாத ஒன்றைக் கைவிடுவது எமக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை. காட்சியைச் செக்கனுக்கு 4 மெகாபிற் அளவுக்குச் சுருக்கினாலோ நிலைமை தலைகீழாகின்றது. காட்சி 3.6, ஒலி 3.1, கோப்பின் ஏறத்தாழ அரைவாசி ஒலியே. காட்சியைப் பெரிதும் சிதைத்துவிட்டு ஒலியின் கடைசிப் பிற்றையும் காத்துநிற்பது முரணான செயல். வட்டில் ஒரே படத்துக்குப் பல மொழிமாற்று ஒலித்தடங்கள் இருப்பின், சொந்த உபயோகத்துக்கு வேண்டாதவற்றை நீக்குவதே பலவேளைகளிற் கூடிய இடத்தை மிச்சப்படுத்தும்.

இவ்விடத்திற் பரவலாகக் காணப்படும் ஒரு மயக்கத்தையும் சுட்டவேண்டும். இழப்பின்மை என்பது கோப்பொன்றின் தனிக் குணமன்று. மூலத்துக்கும் பிரதிக்கும் இடையிலான உறவு அது. டிவிடி வட்டொன்றில் ஏசி-3 ஒலி மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அதனைப் பிரித்து ஃபிளாக் கோப்பாக மாற்றுவோர் உளர். கோப்பு பன்மடங்கு பெருக்கின்றது. இழந்தது எதுவும் திரும்பவில்லை. ஏசி-3 தரவோட்டத்தை உள்ளவாறே பிரதி செய்வதே அங்கு இழப்பற்ற காப்பு, சிறியதும் அதுவே.

பழைய படங்களின் நிலை வேறு. 1970களில் வெளிவந்த தமிழ், சிங்களப் படங்களிற் பெரும்பாலானவற்றின் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளியாற் பதிக்கப்பட்ட ஒற்றை அலைவரிசையே. ஆறு அலைவரிசைகளுக்குரிய அச்சம் இங்கு பொருந்தாது. சுருக்கமின்றியே ஒரு கிகாபைற்றளவில் முழு ஒலியும் அடங்கிவிடும். ஆனால் தேய்ந்த சுருளின் இரைச்சலை எவ்வழியிலும் எதிர்வுகூற இயலாது. அதனால், அலைவரிசை ஒன்றுக்கு இவ்வளவு என்று பார்க்குமிடத்து, இரைச்சல் மிக்க பழைய ஒலி துப்புரவான புதிய ஒலியைவிடக் குறைவாகவே சுருங்குகின்றது. இரைச்சலை முதலில் அகற்றிவிட்டுப் பின் சுருக்கினால் கோப்புச் சிறுக்கும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. எனினும் இரைச்சலும் பேச்சின் ஸகர ஓசைகளும் ஒரே உயர் அதிர்வெண் பகுதியிலேயே வாழ்கின்றன. ஒன்றைச் சுரண்டுமிடத்து மற்றதும் தேய்கின்றது. சுருள் எங்கெங்கு வெட்டி ஒட்டப்பட்டது என்பதற்கான சான்றும் அவ்விரைச்சலுள்ளேயே கிடக்கின்றது. துப்புரவு செய்யப்பட்டதைத் தனிப் பிரதியாக வைக்கலாம். மூலப் பிரதியின் இடத்தில் வைத்தலாகாது.

1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் அழிந்தன. இவ்வாறான அழிவுகளுக்குப் பின், படமொன்றின் எஞ்சிய ஒரே வடிவம் தேய்ந்த திரையிடற் பிரதியாகவோ வீடியோ நாடாவாகவோ இருக்கக்கூடும். அத்தகையதொன்றின் ஒலியைச் செக்கனுக்கு 128 கிலோபிற் வீதத்தில் இழப்புள்ள முறையிற் பதிந்தால் இரண்டு மணி நேரத்துக்கு 0.12 கிகாபைற்று. 24 பிற்றில் அளந்து இழப்பின்றிச் சுருக்கினால், இரைச்சலோடும் கூட, 0.6 அல்லது 0.7 கிகாபைற்று. வேறுபாடு அரைக் கிகாபைற்றைச் சற்றே விஞ்சும். அவ்விடத்துக்கு ஈடாக மற்றொன்றும் கிடைக்கின்றது: மூல ஒலியின் எண்களிலிருந்து கணிக்கப்பட்ட சரிபார்ப்பு எண்ணொன்றை ஃபிளாக் கோப்புத் தன்னுள்ளேயே தாங்கியிருக்கும். பல ஆண்டுகளின் பின் கோப்பைத் திறப்பவர், அன்று பதியப்பட்டதே இன்றும் உள்ளதா என்பதை அவ்வெண்ணைக் கொண்டு தாமே சோதித்தறியலாம்.