வீட்டில் எழுத்து, வாசிப்பு விளையாட்டுகள்

எழுத்து, வாசிப்பு விளையாட்டுகள் என்பவை குழந்தைகள் எழுத்துகளை அடையாளம் காணவும், பிழையின்றி எழுதவும், சரளமாகப் படிக்கவும் வீட்டிலேயே விளையாட்டாகச் செய்யும் பயிற்சிகள் ஆகும். கொரோனாக் கால இடைவெளிக்குப் பின் தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி', 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' ஆகிய திட்டங்களும் பாடல், கதை, விளையாட்டு வழியாகக் கற்பிப்பதையே முறையாகக் கொண்டன.

பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும், பிழைகளில் பெரும்பகுதி ல–ள–ழ, ர–ற, ந–ன–ண ஆகிய மூன்று தொகுதிகளிலேயே நேர்கிறது. மதுரை வட்டாரப் பேச்சில் 'வாழைப்பழம்' பெரும்பாலும் 'வாளப்பளம்' என்றே ஒலிக்கிறது. 'ர', 'ற' இரண்டும் பேச்சில் ஒன்றுபோலவே கேட்கின்றன. 'ந', 'ன' ஆகியவையும் அப்படியே. எனவே 'பளம்' என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக எழுதவில்லை. காதில் விழுந்ததையே எழுதுகிறது. நூறு முறை எழுதச் சொல்வதைவிட, காது காட்டாத வேறுபாட்டைக் கண்ணுக்கும் பொருளுக்கும் காட்டும் விளையாட்டே பயன் தரும்.

சில விளையாட்டுகள்

மணலில் எழுதுதல்: திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு தம் பள்ளியிலும் கையாண்டார். 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அதை விவரித்தார். வீட்டில் தாம்பாளத்தில் அரிசியோ கோலமாவோ பரப்பினால் போதும். தவறினால் தடவி அழித்துவிடலாம் என்பதால் பிழை பற்றிய அச்சம் இராது.

இரட்டை அட்டை: கிளி–கிழி, வாளை–வாழை, அரம்–அறம், இரங்கு–இறங்கு எனச் சொற்களை அட்டைகளில் எழுதிப் பரப்ப வேண்டும். பெரியவர் 'மரத்தில் பச்சை நிறத்தில் ஒரு...' என்று தொடங்கி நிறுத்த, குழந்தை பொருந்தும் அட்டையை எடுக்கும். இங்கு விடையைத் தீர்மானிப்பது பொருளே.

ஊர்ப்பெயர் வேட்டை: பேருந்திலும் கடைத்தெருவிலும் தெரியும் பெயர்ப்பலகைகளே இதற்குப் பாடநூல். 'ழ' தேடினால் கீழவாசல், 'ள' தேடினால் விளாங்குடி, 'ற' தேடினால் தெற்குவாசல் கிடைக்கும். தல்லாகுளத்தில் 'ல', 'ள' இரண்டும் உண்டு. 'ந' பெரும்பாலும் சொல்லின் முதலிலும், 'த'வுக்கு முன்பும்தான் வரும். பழங்காநத்தத்தில் மட்டும் நடுவில் வருவது ஏன் என்று கேட்கலாம். 'நத்தம்' தனிச்சொல் என்பதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும்.

சொல் தொடர்: ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல் தொடங்க வேண்டும், 'மரம்' என்றால் அடுத்தது 'மயில்'. 'மயில்' என்றதும் ஆட்டம் தடைபடும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய எட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா என்ற இலக்கணம் அங்கே விளங்கும். லட்டு, ரயில் போன்றவை பிறமொழிச் சொற்கள் என்பதும் தெரியவரும்.

வாசிப்பின் பங்கு

விதிக்குள் அடங்காத சொற்களைக் கண்ணால் பலமுறை பார்த்தே பழக வேண்டும். பெரியவர் விரல் வைத்துப் படிக்க, குழந்தை உடன் பார்ப்பது எளிய வழி. இது எழுத்துத் தமிழின் நடையையும் காதுக்குப் பழக்குகிறது. மதுரையில் 2023 சூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதி உள்ளது.

கவனிக்க வேண்டியவை

ஒரு நாளுக்கு ஒரு தொகுதி எழுத்து போதும். குழந்தை சலிப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மதிப்பெண் போட்டால் விளையாட்டு தேர்வாகிவிடும். நீண்ட நாள் பழகியும் எளிய சொற்களைப் படிக்கக் குழந்தை திணறினால், அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். திட்டாமல் ஆசிரியரையும் மருத்துவரையும் அணுகுவது நல்லது.